ருமேனியாவில் சரிந்த பனி

"ருமேனியாவில அனாதைப் பிள்ளைகளுக்கு முன்னால நான் கோமாளி வேஷம் கட்டினேன் டாக்டரே. அதுகள் சிரிச்ச சிரிப்பில, கூரையில கிடந்த பனி மொத்தமும் சரிஞ்சு முற்றத்தில விழுந்துது!"

அமரவிளை செக்போஸ்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யோசுவா இப்படிச் சொன்னதும், அவரைத் தேடி வீட்டுக்கு வந்திருந்த டாக்டர் பிரசீதா அவர் மனைவி ஞானபாயைப் பார்த்தார்.

"உள்ளதா அம்மா?"

"சும்மா அளக்காரு. மகளைப் பாக்க ஜெர்மனி போனோம், வந்தோம். அவ்வளவுதான்."

"எடீ, மக வேலை பாக்குத ஆஸ்பத்திரிக்காரங்க அனாதைப் பிள்ளைகளைப் பாக்க ருமேனியாவுக்கு பஸ்ஸில கூட்டிட்டுப் போகல்லியா?"

"எனக்கு ஒண்ணும் ஓர்மை இல்ல."

டாக்டர் எழுந்தார். "சனிக்கிழமை எங்க கிளினிக்கில உள்ள பிள்ளைகளுக்கு நல்ல கோமாளி ஒருத்தர் வேணும். அதுகள ஏமாத்தப்பிடாது. மன்னிக்கணும் சார், வேற ஆளைப் பாக்கிறேன்."

யோசுவா, காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த சிவப்பு ரப்பர் மூக்கை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஞானபாய்க்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நில்லுங்க டாக்டரே. சபையில மாதர் சங்கத்துக்காரிய அறிஞ்சா மானம் போகும், வெளிய சொல்லப்பிடாதுன்னு இவருட்ட சத்தியம் வாங்கினது நானாக்கும்."

"அப்போ சார் வேஷம் போட்டது நிஜமா?"

"போட்டாரு. ஒரு பிள்ளையும் சிரிக்கல்ல. மீசை வரைஞ்சு, பெரிய பூட்ஸ் போட்டு, இவரை முற்றம் பெருக்குத வாரியலால ஓட ஓட அடிச்ச மற்ற கோமாளியைப் பாத்தாக்கும் சிரிச்சுதுகள்."

"அது யாரு?"

ஞானபாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்தான். பனி சரிஞ்சு விழுந்ததும் உள்ளதாக்கும்."