சிக்னல் எட்டாத தாய்வீடு

வளைகாப்பு முடிந்த கையோடு, நிறைமதியை அவள் அம்மா சின்னப்பொண்ணு கொல்லிமலைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். நாமக்கல்லில் மகள் வீட்டுக்கு எதிரிலேயே தாழ்அலை செல்போன் டவர் நின்றது. முழுகாமல் இருந்த ஏழு மாதமும் அதன் ரீங்காரத்தில் அவளுடைய கட்டில்கூட அதிர்ந்துகொண்டிருந்தது.

"எங்கூர்ல டவரே கெடையாதுங்க. புள்ளைக்கு அதான் நல்லது" என்று கார் டிரைவரிடம் சின்னப்பொண்ணு பெருமையாகச் சொன்னாள்.

முப்பதாவது கொண்டை ஊசி வளைவில் போனில் தாழ்அலை சிக்னல் போனது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த குழந்தையும் அங்கேயே அடங்கியது. தூங்குகிறது என்று நினைத்தார்கள். ஐம்பதாவது வளைவில் காரை நிறுத்தச் சொல்லி, அம்மா மகளின் வாயில் சர்க்கரையைப் போட்டாள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தாள். வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். வளையல்கள் மட்டும் குலுங்கின.

"கல்லு மாதிரி கெடக்குதும்மா."

"வண்டியத் திருப்புங்க சாமி!" என்று சின்னப்பொண்ணு அலறினாள்.

டிரைவர் காரைத் திருப்பி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் மலையிறங்கினார். முப்பதாவது வளைவில் போன் சிணுங்கியது. அதே நொடியில் வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. அடுத்து இன்னொன்று.

அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம்தான் நிறைமதி போனைப் பார்த்தாள்.

"அன்பார்ந்த வாடிக்கையாளரே, நாடு முழுவதும் தாழ்அலை டவர்கள் நாளை காலை பத்து மணியோடு மூடப்படுகின்றன. சேவை தடைபடாமலிருக்க இன்றே உங்கள் போனை மாற்றிக்கொள்ளுங்கள்."