அடித்தல் திருத்தல் இல்லாத டைரி

பதினொன்றாம் எண் நோயாளியின் டைரியைப் பிரித்ததும் பெரிய டாக்டருக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. முப்பது நாளும் முத்து முத்தான கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, முக்கியமாக, ஒரு பக்க விளைவும் இல்லை.

கருப்பையில் தொடங்கி நுரையீரல்வரை குடியேறிவிட்ட புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை ஒன்று, கட்டியின் வளர்ச்சியைக் குறிவைத்துத் தடுக்கும் மாத்திரை ஒன்று எனச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை அது. மருந்தால் வரும் தொல்லைகளை நோயாளி தினமும் டைரியில் எழுதிவர வேண்டும். மற்ற பத்துப் பேரின் டைரிகளும் வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண் என்று மூக்கால் அழுதன. அடுத்த வாரம் மாநாட்டு மேடையில் அவற்றையா காட்டுவது?

“எழுதினது நான்தான் சார்,” என்றார் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர். ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க். “முப்பத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு ரிப்போர்ட்கூட லேட்டாப் போனதில்ல. மேலிடம் கேக்குறதுக்கு முன்னாடியே ரெடியா இருக்கும்.”

“எல்லாருக்கும் இப்படி ஒரு வீட்டுக்காரர் அமையணும்மா!” என்றார் டாக்டர், நோயாளியிடம்.

அந்த அம்மாள் வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி டாக்டரையே பார்த்தார். எதிரே வைத்த டீ தொடப்படாமல் ஆறிப்போயிருந்தது.

“அம்மா ரொம்ப அமைதியோ?”

“இப்ப ஒரு மூணு வாரமாத்தான் சார். எல்லாம் உங்க மாத்திரையோட மகிமை!” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் கணவர். மேடைக்கு ஒரு ஜோக் கிடைத்த மகிழ்ச்சியில் டாக்டரும் சிரித்தார்.

அருகில் நின்ற நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. “டாக்டர், டார்ச் அடிச்சு வாயை ஒரு தடவை பாத்துடலாமே? புண் இருந்தா டோஸைக் குறைக்கணும்.”

“‘இல்லை’னு முப்பது தடவை எழுதியிருக்கு. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா சிஸ்டர்?”

டார்ச் எடுக்க வேண்டிய கையால் பேனாவை எடுத்தார் டாக்டர். “அடுத்த மாசமும் இதே முழு டோஸ். சரிதானேம்மா?”

“சரிதான் சார்,” என்றார் கணவர்.

அந்த அம்மாள் டைரியைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு தாளைப் புரட்டி, டாக்டரின் பேனாவுக்கு அடியில் தள்ளினார். கைக்குட்டையை விலக்கியபோது உதடுகள் வெந்து வெளுத்திருந்தன. ஒவ்வொரு சொல்லும் வலித்துக்கொண்டே வந்தது.

“அடுத்த மாசமும் எனக்கு ஒண்ணும் வராது டாக்டர். நேத்தே எழுதி முடிச்சுட்டாரு.”