இடது கன்னம்

அல்சூரில் பெருமாள்சாமியின் வீட்டுக் கூடத்தில் டெஸ்மண்ட் ஒரு பெரிய விளக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். மகள் காந்தாவை ஸ்டுடியோவுக்கு அழைத்துவரத் தயங்கி, போட்டோகிராபரான அவனையே வீட்டுக்கு வரவழைத்திருந்தார் அவர்.

"பேக பேக, சீக்கிரம் ஆகட்டும் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள பிரிண்டு அவங்க கைக்குப் போயாகணும்" என்று ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார் பெருமாள்சாமி.

நாற்காலியில் காந்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு ஒன்று கூராக இறங்கியிருந்தது. டெஸ்மண்டுக்கு மனம் இளகியது. இப்படி எத்தனையோ பெண்களைத் தன் விளக்குகளால் கரையேற்றியவன் அவன். விளக்கை அவளுடைய வலப்பக்கம் நகர்த்தி, முகத்தைச் சற்றே திருப்பச் சொன்னான். தழும்பு நிழலுக்குள் போய்விட்டது.

"கவலைப்படாதீங்க சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல எதுவும் படாது."

பெருமாள்சாமி பதறிப்போனார். "அய்யோ, லைட்டை இந்தப் பக்கம் வைங்க சார்! தழும்பு பளிச்சுன்னு தெரியணும்."

"தெரிஞ்சா எந்த மாப்பிள்ளை சார் சம்மதிப்பான்?"

காந்தா முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைக் கட்டிக்கிட்ட மாப்பிள்ளை வெச்ச சூடுதாண்ணா இது. அடுப்புல நானே விழுந்துட்டேன்னு அவர் கோர்ட்டுல சொல்றாரு. இஸ்திரிப் பெட்டியோட அச்சு அப்படியே தெரியற மாதிரி போட்டோ வேணும்னு எங்க வக்கீல் கேட்டிருக்காரு."

டெஸ்மண்ட் விளக்கை அவளுடைய இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கேமராவுக்குப் பின்னால் குனிந்தான். அவன் கைதான் நடுங்கியது.

"ஆடாம எடுங்கண்ணா" என்றாள் காந்தா.