விட்ட வேலைக்குச் சம்பளம்

"என்னங்க, மறுபடியும் சம்பளம் ஏறியிருக்கு!"

மனைவி நீட்டிய போனைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தை விட்டு அவன் நின்று ஒன்றரை மாசமாகிறது. போன தடவை வந்ததை, வேலை பார்த்த நாளுக்கான பாக்கி என்று நினைத்து வாடகைக்குக் கொடுத்தாச்சு. இது முழுசாக ஒரு மாசச் சம்பளம்!

"கண்டுக்காம விடுங்க மாமா" என்றான் சோபாவில் சாய்ந்திருந்த மச்சினன். "அவங்க தப்பு பண்ணினா நாம என்ன பண்றது?"

"நீ சும்மா கிடடா" என்றாள் அக்காக்காரி. "நாளைக்கு மொத்தமா திருப்பிக் கேட்டா நீயா கொடுப்பே? ஏங்க, புது வேலையும் கிடைச்சபாடில்ல."

"கவலைப்படாதே. திருப்பிக் கொடுக்கத்தான் போறேன்."

"அடேங்கப்பா! இவ்வளவு நல்லவரா நீங்க?"

நல்லவனாவது, மண்ணாவது! அவன் போட்ட கணக்கே வேறு. ஆள் நின்றால் ஆபீசுக்குச் சொல்ல வேண்டியது சூப்பர்வைசர். அவருக்குச் சலவைக்கூடத்தில் 'குக்கர்' என்று பேர்; எப்போது பொங்கிச் சீறுவார் என்று யாருக்கும் தெரியாது. இவனுடைய இஸ்திரி மெஷினில் ஒரே ஒரு போர்வை கருகியதற்கு, அத்தனை பேர் முன்னால் "கண்ணை வீட்டுலயே வெச்சிட்டு வந்தியா?" என்று கத்தினார். "உங்க வேலையே வேண்டாம் போங்க" என்று இவன் ஏப்ரனை வீசிவிட்டு வந்துவிட்டான்.

பணத்தைத் திருப்பித் தருகிற சாக்கில் ஒரு வத்தி வைத்தால் குக்கரின் சீட்டு கிழியாதா என்ன?

ஆபீசில் மேனேஜர் அறைக் கதவு திறந்தே இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று குரலை உயர்த்தினான்.

"மேடம், வேலையை விட்டவனுக்கெல்லாம் சம்பளம் போடறீங்களே! இதைச் சொல்ல வேண்டிய ஆள் தூங்கறாரா? திருப்பி எடுத்துக்கங்க!"

கணக்கு பார்க்கும் அம்மா பதறி எழுந்து, அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவா பேசுங்க. நீங்க எங்கே வேலையை விட்டீங்க? லீவுலதானே இருக்கீங்க?"

"லீவா? எனக்கிருந்த லீவையெல்லாம் எப்பவோ எடுத்துத் தீர்த்துட்டேனே!"

"உங்க லீவு இல்ல. போன வருஷம் டிரைவர் காலை உடைச்சுக்கிட்டப்ப, ஆளுக்கொரு நாள்னு உங்க லீவை அவருக்கு எழுதிக் கொடுத்தீங்கல்ல? அதே மாதிரிதான். ஆனா உங்களுக்கு அத்தனை நாளையும் ஒரே ஆள் கொடுத்திருக்கார்."

"எனக்கா? எனக்காக அப்படி யாரு மேடம் இருக்கா?"

"'கோபக்காரன்தான், ஆனா நல்ல வேலைக்காரன். சூடு ஆறினா வந்துடுவான், பேரை எடுத்துடாதீங்கம்மா'ன்னு கெஞ்சினார். அவருக்குப் பேத்தி பிறந்து ஏழு மாசமாச்சு, இன்னும் முகத்தைப் பார்க்கல. மக வீட்டுல போய் இருக்கணும்னு வருஷக்கணக்கா சேர்த்து வெச்ச லீவு. பாதி உங்களுக்கே போயிடுச்சு."

அவன் கண் கலங்கிவிட்டது. சற்று முன் கத்திய கத்தலை அப்படியே விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது.

"சொல்லுங்க மேடம், யாரு அந்த மனுஷன்?"

அந்த அம்மா கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"அதோ, உங்க மெஷின்ல நின்னு, உங்களைத் திட்டிக்கிட்டே துணி தேய்ச்சிட்டிருக்காரே, உங்க சூப்பர்வைசர்தான். சீக்கிரம் போய் அவரை மாத்தி விடுங்க, மிச்ச லீவுலயாவது பேத்தியைப் பார்த்துட்டு வரட்டும்!"