வம்சப் பெருமை

காரமடையில், பறந்தபடியே குட்டிக்கரணம் போடும் கர்ணப்புறாக்களுக்கான போட்டியில், அப்துல் வஹீதின் இளம்புறா வானத்தில் முப்பத்தொரு கர்ணம் அடித்து முதல் பரிசை வென்றது. பக்கத்து வீட்டுத் தம்பிதுரையின் இளம்புறாவோ நான்கோடு நிறுத்திவிட்டு ஓட்டின்மேல் இறங்கி அமர்ந்தது.

பத்தாண்டுகளாக இதே கதைதான். இம்முறையாவது வஹீதின் முகம் வாடுவதைக் காணலாம் என்று நம்பியிருந்த தம்பிதுரைக்கு வயிறு எரிந்தது.

"ஏனுங்க பாய், பரிசெல்லாம் உங்க ஊட்டுக்குத்தான்னு எழுதி வெச்சுப்போட்டாங்களா?"

வஹீது சிரித்தார். "எல்லாம் ரத்தமுங்க. எங்க பாட்டனார் காலத்துல இருந்து வேற புறா கலக்காமக் காப்பாத்திட்டு வாரோமுங்க. உங்க புறாவும் லட்சணமாத்தான் இருக்குது. வம்சந்தான் பத்தாதுங்க."

தம்பிதுரை பல்லைக் கடித்தார்.

"மனசு சங்கடப்படாதீங்க. இந்தப் புறாவோட குஞ்சு ஒண்ணு தாரேன், வளத்துப் பாருங்க."

சென்ற ஆண்டு வஹீது குடும்பத்தோடு கோபிசெட்டிபாளையத்துக்குத் திருமணத்துக்குப் போனபோது, தீனி வைப்பதற்காகக் கூண்டுச் சாவியைத் தம்பிதுரையிடம்தான் கொடுத்திருந்தார்.

இவ்விரு புறாக்களும் முட்டைகளாக இருந்த அந்த நாளில், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாற்றி வைத்தவர் தம்பிதுரைதான்.