எதிர்வீட்டு முகம்

கணவனின் போன் அடித்தது என்றுதான் கையில் எடுத்தாள். பாதியில் நின்றிருந்தது ஒரு 'அந்த மாதிரி'ப் படம்.

கீழே தள்ளிப் பார்த்தாள். வரிசையாக எல்லாமே ஒரே இனத்துப் பெண்கள். வழவழவென்று இறங்கிய கூந்தல், சின்னக் கண்கள். 'இவர்கள் நாட்டுப் பெண்கள் எதிர்த்தே பேச மாட்டார்கள்' என்று ஒரு தலைப்பு வேறு.

கேட்டதற்கு, உலகத்துல எவன் பாக்கல என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அதோடு போயிருக்கும். அடுத்த வாரமே எதிர்வீட்டுக்கு, இவர்களைப் போலவே வெளிநாட்டிலிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்த ஒரு தம்பதி குடிவந்தார்கள். மனைவிக்கு அப்படியே அந்த முகம்!

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிறவள், வீட்டுக்கு வந்ததும் கதவுத் துவாரத்தில் தன் கண்ணை வைத்தாள். கணவன் எதிர்வீட்டுக்காரிக்காக லிஃப்டைப் பிடித்து வைத்தான். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். கட்டின பெண்டாட்டியின் பையை என்றைக்காவது வாங்கியிருக்கிறானா?

"சாதுவான பொண்ணு. அவங்க ஆளுங்களே அப்படித்தான்" என்றான் சாப்பிடும்போது. இவள் கரண்டியை நங்கென்று வைத்தாள்.

பார்லருக்குப் போய்ச் சுருட்டை முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். அவன் கவனிக்கவே இல்லை.

எதிர்வீட்டுக்காரியோ இவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று இவள் முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் இருவரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். இவள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டிவிட்டாள். என் வீட்டுக்காரரோட பேச்சு வச்சுக்காதீங்க, உங்களைப் பத்தித் தெரியும் என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க நாட்டுப் பொம்பளைங்க எப்படின்னு."

"எங்க பாத்தீங்க?"

"அவர் போன்ல" என்றாள் இவள், குரல் இறங்கி.

எதிர்வீட்டுக்காரி கோபப்படவில்லை. ஈரத் துணியைக் கூடையில் போட்டுவிட்டு, முதல்முறையாக இவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"குடிவந்த நாள்லேர்ந்து நானும் உங்களைப் பாத்து எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கேன். என் வீட்டுக்காரர் போன் பூரா உங்க நாட்டுப் பொம்பளைங்கதான்."