ஐம்பத்தெட்டு கிலோ

திருவொற்றியூர்க் கொட்டகையில் இருந்த சின்ன விமானத்தின் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, அதைவிட வலுவான புதிய இன்ஜினை மாட்டி முடித்திருந்தார்கள் இன்ஜினியர் ரேகாவும் ஃபிட்டர் பொன்னுரங்கமும். மறுநாள் காலை முதலாளி ஷிபின் அதில் பறப்பதாக இருந்தார்.

மூன்று சக்கரங்களுக்கும் கீழே தராசு வைத்து விமானத்தை எடை பார்த்தார்கள். கணக்குப்படி மொத்தம் 412 கிலோ வரவேண்டும். வந்தது 470. ரேகா தராசை மாற்றினாள். அப்போதும் 470.

"உள்ள எதுனா வச்சிட்டீங்களாண்ணே?"

"இன்னாமா, என் மேலயே டவுட்டா? காலியாத்தான் கீது. நீயே பாரு."

இரண்டு இருக்கைகளும் காலியாகத்தான் இருந்தன. ஆனால் கூடுதல் எடையில் பெரும்பகுதி வலப்பக்கச் சக்கரத்தில் விழுந்திருந்தது. ரேகா வலப்பக்கக் கதவைத் திறந்தாள்.

தராசு 412க்கு இறங்கியது.

"எவனோ எறங்கிட்டான்!" என்று பொன்னுரங்கம் கொட்டகைக் கதவைச் சாத்த ஓடினார்.

"சாத்தாதீங்கண்ணே," என்றாள் ரேகா மெதுவாக. "அது வெளிய போவட்டும்."